எலக்ட்ரானிக் எம்.சி.சி.பி. மாட்டியாகிவிட்டது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் கிழங்கு சீசன் தொடங்கும் முன்பு பேனல் வேலை குவியும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பழைய பிரேக்கரைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரானிக் டிரிப் யூனிட் வைத்த எம்.சி.சி.பி., அதாவது வார்ப்புப் பெட்டிக்குள் வரும் பெரிய பிரேக்கர், மாட்டச் சொல்வார்கள். மாட்டி மூன்றாம் நாள் போன் வரும். "அண்ணா, புது பிரேக்கரே சரியில்லைங்க, மாத்திக் குடுத்துடுங்க." போய்ப் பார்த்தால் பிரேக்கர் சரியாகத்தான் இருக்கும். மாட்டிய விதத்திலோ, டயல் வைத்த இடத்திலோ, லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) அடித்த அழகிலோ கோளாறு இருக்கும்.

பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பிரேக்கருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று இருக்கும். சூடானால் வளையும், வளைந்தால் தட்டிவிடும். எலக்ட்ரானிக் பிரேக்கரில் அந்தப் பட்டை கிடையாது. ஒவ்வொரு பேஸிலும் ஒரு சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) உட்கார்ந்து ஆம்பியரை அளக்கும், சின்ன போர்டு ஒன்று கணக்குப் போடும், எல்லை தாண்டினால் டிரிப் காயிலைத் தட்டும். ஆக, அதுக்குத் தெரிந்தது ஆம்பியர் மட்டும்தான். சூடு தெரியாது. இதனால் வரும் ஆபத்தைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

டிரிப் யூனிட் முகத்தில் நான்கு எழுத்து இருக்கும். எல் என்றால் நெடுநேர ஓவர்லோடு. எஸ் என்றால் கொஞ்சம் தாமதித்து விழும் ஷார்ட் சர்க்யூட். ஐ என்றால் தாமதமே இல்லாமல் உடனே. ஜி என்றால் எர்த் ஃபால்ட், அதாவது கரண்ட் மண்ணுக்குக் கசிவது. எல்லா மாடலிலும் நான்கும் இருக்காது. விழுந்தவுடன் எந்த எழுத்துக்கு எதிரே விளக்கு எரிகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். சிலவற்றில் பேட்டரி பொத்தானை அமுக்கினால்தான் காட்டும். அதைப் பார்க்காமல் ரீசெட் செய்துவிட்டால் துப்பு போச்சு.

கை வைக்கும் முன்பு

கீழே சொல்வதெல்லாம் மின் உரிமம் உள்ள ஆள் செய்ய வேண்டியவை. ஆலை முதலாளியோ ஆபரேட்டரோ இதைப் படித்துக் காரணத்தைப் புரிந்துகொள்ளலாம். பேனல் கதவைத் திறக்க வேண்டாம்.

ஈ.பி. சப்ளையை நிறுத்திவிட்டோம் என்று உடனே கை வைப்பதுதான் எங்கள் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. சேகோ ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து எடுக்கும் பயோகேஸில் ஒரு ஜெனரேட்டர் ஓடும். டீசல் ஜெனரேட்டர் வேறு. கூரையில் சோலார் இருந்தால் அதன் இன்வெர்ட்டரும் கணக்கில் சேரும். இத்தனை வழியாகவும் பஸ்பாருக்கு (பேனலுக்குள் கரண்டைப் பங்கிடும் உலோகப் பட்டை) கரண்ட் வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டை மட்டும் தொங்கினால் போதாது. காற்றில் விழுந்த அட்டையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கெப்பாசிட்டர் பேங்க் இருந்தால் அதையும் கழற்றிவிட்டுக் குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருங்கள். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் மூன்று நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த ரெசிஸ்டரே எரிந்து போயிருந்தால் கெப்பாசிட்டருக்கு யார் பதில் சொல்வது? அதனால் அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில் பேஸுக்கும் பேஸுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் வையுங்கள். மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டர் செத்துப்போனால் "கரண்ட் இல்லை" என்று பொய் சொல்லும். மூன்றாவது முறை வைப்பது அதுக்காகத்தான்.

மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிரேக்கர் என்றால் அப்படியே 500 வோல்ட் அடிப்போம், ஒன்றும் ஆகாது. இதில் எர்த் லீக்கேஜ் மாட்யூல், வோல்ட்டேஜ் அளக்கும் வயர், பேனலில் உள்ள மீட்டர், சர்ஜ் அரெஸ்டர் (இடி மின்னலில் பாயும் அதிக வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்புவது), வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத்தான் மெக்கர். இல்லையென்றால் மெக்கரே போர்டைக் கொன்றுவிடும். அப்புறம் நிஜமாகவே பிரேக்கர் சரியில்லை.

கைப்பிடி ஏறவே இல்லை

இது பெரும்பாலும் சின்ன விஷயம். டிரிப் ஆன பிரேக்கரின் கைப்பிடி நடுவில் நிற்கும். அதை முதலில் ஆஃப் பக்கம் முழுக்க அழுத்தி, "டக்" என்று ஒரு சத்தம் வந்த பிறகு மேலே தூக்க வேண்டும். நடுவிலிருந்து நேராகத் தூக்கினால் ஏறாது.

அப்படியும் ஏறவில்லை என்றால் அண்டர் வோல்ட்டேஜ் காயில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுக்கு சப்ளை வராமல் பிரேக்கர் ஏறவே ஏறாது, அதன் வேலையே அதுதான். கன்ட்ரோல் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது 230 வோல்ட் சப்ளையில் 415 வோல்ட் காயிலை வாங்கி மாட்டியிருப்பார்கள். ஷன்ட் டிரிப் காயிலில் இது தலைகீழ்: எமர்ஜென்சி பொத்தான் அமுங்கியபடியே இருந்தால் அதுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், ஏற்றஏற்ற விழும். கதவில் சுழலும் கைப்பிடி வைத்த பேனலில் தண்டு அரை அங்குலம் நீளம் கூடினாலோ குறைந்தாலோ ரீசெட் முழுசாக ஆகாது.

ஏற்றின நொடியே விழுகிறது

ஐ அல்லது எஸ் விளக்கு எரிகிறதா? அப்படியானால் இரண்டாவது முறை ஏற்றிப் பார்க்காதீர்கள். "ஒருவாட்டி போட்டுப் பாப்போம்" என்பது இந்த வேலையில் சொல்லக்கூடாத வார்த்தை. 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். 433 வோல்ட்டில் அதன் முழு லோடு சுமார் 333 ஆம்பியர். இம்பீடன்ஸ் (உள்தடை) நாலரை சதவீதம் என்றால், வாயிலேயே ஷார்ட் ஆனால் ஏறக்குறைய 7,400 ஆம்பியர் பாயும். 500 கே.வி.ஏ. என்றால் இரண்டு மடங்கு. பிரேக்கரின் உடைக்கும் திறன் இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 25 அல்லது 36 கிலோ ஆம்பியர் பிரேக்கர் இங்கே தாங்கும். ஆனால் ஒவ்வொரு பெரிய ஷார்ட்டிலும் உள்ளே காண்டாக்ட் கொஞ்சம் தேயும்.

லோடு பக்கம் கேபிளைக் கழற்றி மெக்கர் போடுங்கள். கேபிள் நல்லதாக இருந்தால் அடுத்து பேனலுக்குள் தேடுங்கள். வேலை முடிந்தபோது மறந்துபோன எர்த்திங் கிளாம்ப், பஸ்பார் மேல் கிடக்கும் வாஷர், கேபிள் நுழையும் ஓட்டை வழியாக வந்து செத்துக் கிடக்கும் பல்லி, மூன்றையும் நான் கண்டிருக்கிறேன். பேஸுக்கு நடுவே செருகும் பிளாஸ்டிக் தடுப்புகளை வீட்டுக்குழந்தை விளையாட்டுச் சாமான் போல ஓரமாக எறிந்துவிடுவார்கள். அவை அலங்காரத்துக்கு இல்லை. ஷார்ட்டை உடைக்கும்போது மேலே வெளியேறும் சூடான வாயு ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் தடுப்பது அவைதான். அதே காரணத்துக்காகப் பிரேக்கருக்கு மேலே அதோடு வரும் கம்பெனி ஏட்டில் சொன்ன இடைவெளி விட வேண்டும். லைன், லோடு என்று அச்சடித்திருந்தால் அதை மாற்றி இணைக்கக்கூடாது.

ஏற்றும்போது கதவைச் சாத்திவிட்டு, நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஏற்றுங்கள்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விழுகிறது

கிழங்கு அரைக்கும் ராஸ்பர் மோட்டார்தான் இதில் முதல் குற்றவாளி. 60 எச்.பி. மோட்டாருக்கு முழு லோடில் 80 ஆம்பியர் வரும். நேராக ஸ்டார்ட் செய்தால் அதைப்போல் ஆறேழு மடங்கு இழுக்கும். ஸ்டார் டெல்டா (முதலில் ஸ்டார் இணைப்பில் மெல்ல ஓடவிட்டு, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்ட்டர்) என்றால் ஸ்டாரில் இரண்டு, இரண்டரை மடங்குதான். ஆனால் டெல்டாவுக்குத் தாவும் அந்த நொடியில் ஒரு பெரிய துள்ளல் இருக்கும். மோட்டார் இன்னும் வேகம் பிடிக்காத நிலையில் டைமர் தாவவிட்டால், நேராக ஸ்டார்ட் செய்ததுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை.

100 ஆம்பியர் பிரேக்கர், ஐ-ஆர் டயல் (ஓவர்லோடு எல்லை) 0.8, அதாவது 80 ஆம்பியர். ஷார்ட் டைம் டயல் (எஸ்) அதைப்போல் 5 மடங்கில் இருந்தால் எல்லை 400 ஆம்பியர். துள்ளல் 500 தாண்டினால் விழத்தானே செய்யும்? பழைய பிரேக்கரில் இந்த எல்லை தோராயமாக இருக்கும், தப்பித்துவிடும். இது கறாராகப் பார்க்கும்.

எடுத்தவுடன் டயலைத் திருகாதீர்கள். எஸ் எரிந்து, டெல்டாவுக்குத் தாவும்போது விழுந்தால் முதலில் டைமரைப் பாருங்கள். மோட்டார் சத்தம் சீராகி, டாங் டெஸ்டரில் (கேபிளைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) ஆம்பியர் இறங்க ஆரம்பித்த பிறகுதான் தாவ வேண்டும். அப்புறமும் விழுந்தால் 8 அல்லது 10 மடங்குக்கு ஏற்றலாம். கேபிளின் கடைசி முனையில் ஷார்ட் ஆனாலும் அந்த எல்லையைத் தாண்டுமா என்று பார்த்துவிட்டு. எல் எரிந்து, ஏழெட்டு நொடி கழித்து விழுந்தால் கதை வேறு: மோட்டார் நின்றபடி உறுமுகிறது. ராஸ்பருக்குள் கிழங்கு சிக்கியிருக்கும், அல்லது வோல்ட்டேஜ் குறைந்திருக்கும். உள்ளே கிழங்கை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் கொடுக்கும் பழக்கத்தை டயல் திருத்தாது.

அரைமணி நேரம் ஓடிவிட்டு விழுகிறது

சில யூனிட்டில் ஓவர்லோடுக்கு இரண்டு டயல் இருக்கும். இரண்டையும் பெருக்க வேண்டும். 250 ஆம்பியர் பிரேக்கரில் ஒன்று 0.8, இன்னொன்று 0.9 என்றால் எல்லை 180 ஆம்பியர். 225 என்று நினைத்துக்கொண்டு லோடு ஏற்றுவார்கள். நிறைய "பீஸ் சரியில்லை" இங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்று பேஸிலும் டாங் டெஸ்டர் போட்டுப் பாருங்கள். ஒரு பேஸ் மட்டும் அதிகமாக இருந்தால் அதுதான் தட்டும். உண்மையிலேயே லோடு அதிகம் என்றால் டயலை ஏற்றுவதுக்கு முன்னால் கேபிளைக் கேளுங்கள். அந்த இடத்தில், அந்த டிரெஞ்சில், பக்கத்தில் கிடக்கும் மற்ற கேபிள்களின் சூட்டோடு அது 180 தாங்கும் என்றால் டயல் 180க்கு மேல் போகக்கூடாது. பிரேக்கர் 250 என்பதால் கேபிளும் 250 ஆகிவிடாது.

விழுந்ததும் உடனே ஏற்றினால் முன்னைவிடச் சீக்கிரம் விழும். யூனிட் பழைய சூட்டைக் கணக்கில் வைத்திருக்கும். கேபிளும் மோட்டாரும் ஆறட்டும் என்றுதான். கால்மணி நேரம் விட்டு ஏற்றுங்கள்.

நான்கு போல் பிரேக்கரில் நியூட்ரல் பாதுகாப்பைப் பாதி அளவில் வைத்திருந்தால், எல்.இ.டி. விளக்கும் கம்ப்யூட்டரும் நிறைந்த இடத்தில் நியூட்ரல் ஹார்மோனிக்ஸால் (அந்தச் சாதனங்கள் உண்டாக்கும் சிதைந்த கரண்ட்) நிரம்பி விழும். பேஸில் ஆம்பியர் குறைவாகவே காட்டும், எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். நியூட்ரலிலும் ஒருமுறை டாங் டெஸ்டரைப் போடுங்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு மட்டும் விழுகிறது

ஆத்தூர் ரோட்டில் ஒரு ஆலை. 250 ஆம்பியர், மூன்று போல், எர்த் ஃபால்ட் வசதியோடு. பகலெல்லாம் கல் மாதிரி நிற்கும். சாயங்காலம் ஆறரை ஆனால் ஜி விளக்கு எரிந்து விழும். ஆலையில் ஒருவர், அது மேட்டு முனியப்பன் வேலை என்றே முடிவு கட்டியிருந்தார். மூன்று நாள் மோட்டார் மோட்டாராக மெக்கர் போட்டும் எர்த் ஃபால்ட் எங்கேயும் இல்லை.

நான்காம் நாள் நானே ஆறு மணிக்குப் பேனல் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டு வந்தார். காயப்போடும் களத்து விளக்குகள், ஆபீஸ், தொழிலாளர் குடியிருப்பு, எல்லாம் ஒற்றை பேஸ் லோடு, எல்லாம் ஏறக்குறைய ஒரே பேஸில். நியூட்ரலில் போட்ட டாங் டெஸ்டர் 22, 35, 48 என்று ஏறியது. 53 காட்டியது. டப்.

கணக்கு எளிதானது. எர்த் ஃபால்ட் வசதி மூன்று பேஸ் ஆம்பியரையும் திசையோடு கூட்டிப் பார்க்கும். கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒற்றை பேஸ் லோடு இருந்தால் அந்த மிச்சம் நியூட்ரல் வழியாகத் திரும்பும். மூன்று போல் பிரேக்கருக்கு நியூட்ரல் தெரியாது, அதனால் அதை எர்த்துக்குப் போனதாகவே நினைக்கும். டயல் 0.2இல் இருந்தது, அதாவது 50 ஆம்பியர். இதுக்காகத்தான் நியூட்ரலில் மாட்ட ஒரு தனி சி.டி. விற்கிறார்கள். அது அட்டைப்பெட்டியோடு ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருந்தது.

எடுத்து மாட்டினோம். மறுநாள் ஆறேகாலுக்கே விழுந்தது! சி.டி.யைத் திருப்பி மாட்டியிருந்தார் எங்கள் பையன். திசை மாறினால் நியூட்ரல் ஆம்பியர் கழிவதற்குப் பதில் இரண்டு மடங்காகக் கூடும். பாதி விளக்கு போட்டாலே 50 ஆகிவிடும். திருப்பிப் போட்டோம், இன்றுவரை நிற்கிறது. லோடையும் மூன்று பேஸுக்குப் பிரித்துவிட்டோம்.

இதே அறிகுறி, சி.டி.யும் சரியாக இருந்தால், பிரேக்கருக்குக் கீழே எங்கேயோ நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். நியூட்ரல் ஆம்பியரில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பும். குடியிருப்பு டி.பி.க்குள் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தேடுங்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: 50 ஆம்பியர் எர்த் ஃபால்ட் எல்லை பேனலைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. கை படும் இடங்களுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (சின்னக் கசிவுக்கே விழும் பிரேக்கர்) தனியாக வேண்டும்.

விழவில்லை, ஆனால் வாசம் வருகிறது

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். லக் தளர்ந்து சூடானால் பழைய பிரேக்கரில் அந்தச் சூடு உள்ளே ஏறி, பட்டையை வளைத்து, காரணமில்லாமல் விழுவது போல் விழும். தொல்லைதான், ஆனாலும் ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரானிக் பிரேக்கரில் 140 ஆம்பியர் ஓடுகிறது, எல்லை 200, அதுக்கு எல்லாம் நலம். பி பேஸ் லக் கருகிக்கொண்டிருப்பது அதுக்குத் தெரியாது. உள்ளே போர்டு சூடானால் தட்டும் வசதி சில மாடலில் இருக்கிறது, அதை நம்பி இருக்க முடியாது.

ஒரு பேனலில் நான் வெப்பமானி துப்பாக்கி வைத்துப் பார்த்தபோது ஆர் பேஸ் 52 டிகிரி, ஒய் 54, பி 97. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் "டைட்டாத்தான் இருக்கு" என்றார்கள். நிறுத்திவிட்டு ஸ்பேனர் வைத்தேன், அசையவில்லை. லக்கைக் கையால் பிடித்து ஆட்டினேன், ஆடியது. போல்ட் தேவைக்குக் கால் அங்குலம் கூடுதல் நீளம். லக்கை அழுத்தும் முன்பே அடியில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. டைட் ஆனது போல்ட் மட்டும்தான். பெட்டியில் வரும் போல்ட்டைத் தொலைத்துவிட்டு லீ பஜாரில் கிடைத்ததை வாங்கி மாட்டினால் இதுதான் நடக்கும்.

அலுமினிய கேபிளுக்கு ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில், சரியான டை வைத்து அடியுங்கள். சுத்தியல், உளி வைத்து அடித்த லக் ஒரு சீசன் தாங்காது. கம்பியின் மேல் இருக்கும் ஆக்சைடைத் தேய்த்து, உடனே ஜாயின்ட் காம்பவுண்ட் தடவிச் செருக வேண்டும். அலுமினியம் செம்பைத் தொடும் இடத்தில் பைமெட்டல் லக் போடுங்கள். மாவு புளித்த ஈரக்காற்று அடிக்கும் சேகோ ஆலையில் இதில் சிக்கனம் பார்க்க முடியாது. இறுக்கும் அளவு ஏட்டில் நியூட்டன் மீட்டரில் இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, போல்ட் தலைக்கும் லக்குக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் தளர்ந்துவிட்டது என்று அடுத்த முறை கண்ணிலேயே தெரியும். கேபிளின் எடை பிரேக்கரில் தொங்காமல் கீழே கிளாம்ப் போட மறக்காதீர்கள்.

முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மூன்று பேஸையும் ஒப்பிடுங்கள். மூன்றும் சேர்ந்து சூடாக இருந்தால் லோடும் காற்றோட்டமும். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் ஜாயின்ட். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பேனலுக்குள் 50 டிகிரி தாண்டும். சூட்டால் டயல் எல்லை மாறாது, ஆனால் பிரேக்கர் தாங்கும் ஆம்பியர் குறையும். அந்த அட்டவணை ஏட்டின் பின்பக்கத்தில் இருக்கும்.

டிஸ்ப்ளே எரியவில்லை

பயப்பட வேண்டாம். யூனிட்டுக்குத் தேவையான கரண்டை அதன் சி.டி.யே தருகிறது. லோடு மிகக் குறைவாக இருந்தால் விளக்கு எரியாது, லோடு ஏறினால் எரியும். ஏறியும் எரியவில்லை என்றால்தான் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டும். சிவப்பு "டிரிப்" பொத்தானை அமுக்கி விழுந்ததை வைத்து யூனிட் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பொத்தான் வெறும் இயந்திரத்தைத்தான் சோதிக்கும். எலக்ட்ரானிக்ஸைச் சோதிக்க டெஸ்ட் கிட் வேண்டும்.

ஏற்காட்டில் மட்டும் வரும் கோளாறு

மலை மேல் காபி எஸ்டேட்டில் பல்பர் (காபிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) பேனல் வைத்திருக்கிறவர்கள், உயரத்துக்காகப் பெரிய பிரேக்கர் வேண்டுமா என்று கேட்பார்கள். ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம்; பிரேக்கர்கள் 2,000 மீட்டர் வரை குறைப்பு இல்லாமல் ஓடும். அங்கே எதிரி பனியும் இடியும். ராத்திரி பேனலுக்குள் நீர் கோத்து, காலையில் ஏற்றும்போது எர்த் லீக்கேஜ் மாட்யூல் தட்டும், பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். பேனலுக்குள் ஸ்பேஸ் ஹீட்டர் ஒன்றும் தெர்மோஸ்டாட்டும் வைத்தால் தீரும். கேபிள் நுழையும் ஓட்டைகளுக்குக் கிளாண்ட் போட்டு அடையுங்கள். இடி மழை முடிந்த மறுநாள் டிரிப் யூனிட் செத்துக் கிடந்தால், பேனலில் சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதா, அதன் ஜன்னல் பச்சையா சிவப்பா, அதிலிருந்து எர்த் பாருக்குப் போகும் வயர் அரை மீட்டருக்குள் நேராகப் போகிறதா, இல்லை பேனலைச் சுற்றி வலம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த யூனிட்டுக்கு ஆர்டர் போடுங்கள்.